கடமடைக்கு வந்துச்சா?

"தங்கச்சி, கடமடைக்கு வந்துச்சா?"

கல்யாணமாகி சாரம் பகுதிக்கு வந்த மறுநாள் விடியற்காலையில் தெருவிலிருந்து இப்படி ஒரு குரல் கேட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கடலூரில் துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவள். மீன் பேர் தெரியும், வயல் வரப்பு தெரியாது. கடமடை என்பது யாருடைய பட்டப்பெயரோ என்று நினைத்து, அப்படி யாரும் இங்கே இல்லை என்று ஜன்னல் வழியாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். சமையலறையில் இருந்த மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். "நாமதான்டி கடமட. கொழாயில தண்ணி வந்துச்சான்னு கேக்குறாரு" என்றார்.

வாய்க்கால் தண்ணீர் முதலில் நுழைகிற வயல் மேமடை. கடைசியாகப் போய்ச் சேருகிற வயல் கடைமடை. எங்கள் தெருவில் குடிதண்ணீர்க் குழாய் நுழைகிற முதல் வீடு அப்படிக் கேட்டவருடையது. குழாய் முடிகிற வீடு எங்களுடையது. எங்கள் குடம் நிரம்பியது என்று தெரிகிறவரை அவர் தன் வீட்டுக் குழாயைத் திறக்கமாட்டார். அதற்குத்தான் அந்தக் கேள்வி. தெருவே அதைக் கேட்டுத்தான் கண் விழிக்கும்.

தெருவும் ஒரு காலத்தில் நெல் வயல்தான். கடற்கரைப் பக்கத்து வீதிகள் கோடு போட்டது போல நேராக இருக்கும். எங்கள் பக்கத்து வீதிகள் வளைந்து நெளிந்து போகும், ஏனென்றால் அவை பழைய வரப்புகள். ஐப்பசி மழையில் வாசலில் தவளை கத்தும். மனை வாங்கி வீடு கட்டியவர்கள் எல்லாம் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள், தவளைதான் பிறகு வந்து குடியேறியது போல.

அவர் ஒல்லியான மனிதர். காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு. ஆள் ஏற்றுகிற டெம்போ ஓட்டினார். நேருக்கு நேர் டெம்போக்காரர், முதுகுக்குப் பின்னால் கடமடை. முதல் வீட்டில் இருக்கிற மனுஷனுக்குக் கடமடை என்று பேர் வைத்த தெரு அது. அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

பாகூர்ப் பக்கத்து கிராமத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்ததாம், ஏரி வாய்க்காலின் கடைசியில். மேலே இருக்கிறவர்கள் பாய்ச்சி முடித்துத் தண்ணீர் இவர்கள் கழனிக்கு வருவதற்குள் பயிர் பாதி காய்ந்துவிடுமாம். ஒரு வறண்ட வருஷம் ஊர் கூடி, இந்த முறை கடைமடைக்கு முதலில் விடுவது என்று முடிவு செய்தார்களாம். அந்த ஒரு வருஷம்தான் அவருடைய அப்பா வாய் நிறையச் சிரித்து அவர் பார்த்தாராம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஊர் ஏக்கமெல்லாம் இருக்காது. நிலத்தை விற்றது பற்றிக் கேட்டால், விட்டது சனியன் என்றுதான் சொல்வார். சேறு போயிற்று, ஏர் போயிற்று, அந்த ஒரு நியாயம் மட்டும் அவரோடு ஊரைவிட்டு வந்துவிட்டது.

நியாயம் பேசுகிறவர் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம் என்பார்கள். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். விடியலில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் பிடித்து முடிப்பதற்குள் தண்ணீரின் வேகம் குறைந்துவிடும். அக்கா வீட்டுக் குழாயில் நூல் மாதிரி ஒழுகும். "மேமடைல குந்திக்கினு கடமட தண்ணி குடிக்கிறோம்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்கப் பிடிக்காது.

அவர்களுக்கு ஒரே மகள். சின்ன வயதில் எங்கள் வீட்டு வாசலில் நின்று குழாயைப் பார்த்துவிட்டு, தெரு முழுக்க ஓடி, "வந்துடுச்சிப்பா" என்று சொல்வது அவள் வேலையாம். நான் வந்தபோது ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். அப்போதும் சில நாள் வருவாள். பல் தேய்த்துக்கொண்டே எங்கள் குடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவைப் போலவே இடுப்பில் கை வைத்து நிற்பாள். எனக்கு அந்தத் தெருவில் கிடைத்த முதல் சிநேகிதி அவள்தான்.

நடுவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பெரியவர் குழாயில் மோட்டார் பொருத்தி உறிஞ்ச ஆரம்பித்தார். எங்கள் குழாய் இருமியது. டெம்போக்காரர் சண்டைக்குப் போகவில்லை. தினமும் விடியலில் சொல்தா வீட்டு கேட்டுக்கு எதிரே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். என்ன வேண்டும் என்று கேட்டால், ஒன்றும் வேண்டாம், நீங்கள் பிடியுங்கள், நான் இருக்கிறேன் என்பார். பிரான்சில் நாலாவது மாடிக்கும் தண்ணீர் தானாக ஏறும் என்று சொல்தா சொல்லிப் பார்த்தார். அங்கே யார் கடைமடை என்று இவர் கேட்டார். ஒரு வாரம் பொறுத்த பெரியவர், காலைக் காபி தொண்டையில் இறங்கவில்லை என்று மோட்டாரைக் கழற்றிவிட்டார்.

டெம்போவிலும் இதே கதை. லாஸ்பேட்டையில் கிளம்பும்போதே காலேஜ் பிள்ளைகளும் ஆபீஸ் ஆட்களும் ஏறி வண்டி நிறைந்துவிடும். டவுனுக்கு முன்னால் கடைசி ஸ்டாப் எங்களுடையது. அங்கே நிற்கிறவர்களுக்கு எந்த வண்டியிலும் இடம் கிடைக்காது. அவர் மட்டும் கிளம்பும்போதே தன் முதுகுக்குப் பின்னால் இரண்டு சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு வருவார். இடம் இருக்கும்போது ஏன் ஏற்றமாட்டேன் என்கிறாய் என்று வழியெல்லாம் வசவு வாங்குவார். அப்போது நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எத்தனையோ நாள் அந்த சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன், வழியெல்லாம் நின்றவர்களின் முறைப்பு என் முதுகில் இறங்க. இங்கேயும் நான்தான் கடைமடை.

மாசி மகத்துக்குத் தெருவே கிளம்பி வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போகும். எல்லாரும் சாமியைப் பார்ப்பார்கள், அவர் கடலைப் பார்த்து அலுத்துக்கொள்வார். "இம்மாந் தண்ணி கெடக்குது, ஒரு குழி நெலத்துக்குப் பாயாது" என்பார். சுண்டல் வாங்கினால் பொட்டலம் எல்லார் கைக்கும் போன பிறகுதான் தனக்கு. பல நாள் காகிதம்தான் மிஞ்சும். அந்தக் காகிதத்தை அக்கா பிடுங்கி மண்ணில் எறிவார்.

மகளுக்கு அரியாங்குப்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன், மகளுக்கும் பிடித்திருந்தது. அந்த வீட்டில் எல்லாம் பையனின் பெரியப்பா சொன்னபடிதான். சிமெண்ட் கடை வைத்திருந்தவர். அதற்கு முன்னால் தலைமுறை தலைமுறையாக விவசாயம். நிச்சயதார்த்தத்தன்று, எங்கள் நிலம் மதகடியில் இருந்தது, ஏரியில் மதகைத் தூக்கினால் முதலில் நனைவது எங்கள் வயல் என்று பெருமையாகச் சொன்னார். மேமடையும் கடமடையும் சம்பந்தம் பண்ணுகிறது என்று டெம்போக்காரர் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அக்கா வெற்றிலைத் தட்டோடு நின்று சந்தோஷமாகப் பார்த்தார்.

கல்யாணச் சாப்பாடு பெண் வீட்டார் பொறுப்பு. முதல் நாளே அவர் சமையல்காரரிடம் சொல்லிவிட்டாராம்: எல்லாக் கல்யாணத்திலும் கடைசி இலைக்குப் பாயசம் வருவதில்லை, நம் வீட்டுக் கல்யாணத்தில் கடைசி இலையிலிருந்து ஆரம்பியுங்கள். பரிமாறுகிற பையன்கள் சொன்னதைச் செய்தார்கள். முதல் பந்தியில் முதல் இலையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். வரிசையின் மறுகோடியில் டெம்போ ஸ்டாண்டு ஆட்களும் எங்கள் தெருக்காரர்களும். இனிப்பு என் இலையில் விழுந்தது. வடை என் இலையில் விழுந்தது. சோறும் சாம்பாரும் எங்கள் பக்கமே புகைந்துகொண்டிருக்க, அந்தக் கோடியில் இலைகள் பச்சையாகக் கிடந்தன. நான் கையை இலையில் வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். டெம்போக்காரருக்கு யாராவது ஜாடை காட்டுவார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். அவரோ எங்கள் பக்கம் நின்று, பூரித்த முகத்தோடு, கடமடைக்கு வந்துச்சா என்று இலை இலையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

பெரியப்பா இலையை மடித்து எழுந்தார். அவரோடு அந்த வரிசையில் பாதி எழுந்தது. சத்தம் போடவில்லை அவர்.

"பொண்ணக் குடுத்தவரு எங்கள எந்த எடத்துல வெச்சிருக்காருன்னு தெரிஞ்சி போச்சி."

"ஐயோ இல்லீங்க சம்பந்தி. கடமடைக்கு மொதல்ல போவணும்னுதான்..."

"அப்ப நாங்க யாரு?"

தாலி ஏறியாகிவிட்டது, அதனால் கல்யாணம் நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்காமலே வேனில் ஏறினார்கள். மணப்பெண் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

ஆடிக்குப் பெண்ணை அனுப்பவில்லை. தலைதீபாவளிக்கு வேட்டியும் புடவையும் எடுத்து வைத்து அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குக் கடையில் வேலையாம். டெம்போக்காரர் தட்டு எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனார். பெரியப்பா வீட்டுக்குள்ளிருந்து வரவே இல்லை என்று திரும்பி வந்தார். மகள் எப்போதாவது தெருமுனைக் கடை போனுக்குக் கூப்பிட்டு அம்மாவிடம் பேசுவாள். அப்பாவும் அவளும் என்ன பேசிக்கொள்வது என்று இருவருக்கும் தெரியாது போலிருக்கிறது.

அதன் பிறகும் ஒரு காலையில் அவர் வழக்கம்போலத் தெருவில் நின்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அக்கா வெளியே வந்துவிட்டார். தெரு முழுக்கக் கதவு திறந்திருந்தது.

"ஊருல இருக்கற கடமடைக்கெல்லாம் வந்துடுச்சி. ஒம் பொண்ணு எங்க கெடக்குறா? அவளுக்கு வந்துச்சான்னு கேளு."

அன்றோடு அந்தக் கேள்வி நின்றது. தண்ணீரை அவர் எப்போதும்போல எங்களுக்கு விட்டுவிட்டுத்தான் பிடித்தார், ஆனால் கேட்கவில்லை. நானே போய், வந்துவிட்டது அண்ணே என்று சொல்லிவிட்டு வருவேன். தலையை ஆட்டுவார். எங்கள் வீட்டுக் குடம் நிரம்புகிற சத்தம் எனக்கே அப்போது சங்கடமாக இருந்தது. ஒரு மனுஷனின் நல்ல குணம் அவன் வீட்டையே வாட்டும்போது, அதில் குளிர் காய்கிறவர்கள் என்ன செய்வது?

மகள் உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். அது யாரும் மாற்றாத வழக்கம். பெரியப்பா அதையும் மாற்றப் பார்த்தார். வளைகாப்புக்கு வரலாம், அழைத்துக்கொண்டு போகிற பேச்சு மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு எழுந்து மகளுக்கென்று அறையை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்தார். அனுப்பமாட்டோம் என்கிறார்களே என்று நான் கேட்டேன். சுவர் காய வேண்டாமா என்றார்.

வளைகாப்பன்று அவருடைய டெம்போவில்தான் போனோம். அக்கா, நான், தெருப் பெண்கள் சிலர், வளையல் தட்டுகள். அரியாங்குப்பத்தில் வீட்டு முன்னால் பந்தல். மகள் கொஞ்சம் பூசினாற்போல அழகாக இருந்தாள். கை நிறைய வளையல் அடுக்கியபோது அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே அழுதார்கள். அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றார்.

சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார்கள். பெரியப்பா முதல் இலை. பெண்ணின் அப்பாவைப் பந்தியின் கடைசி இலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், குழாயடிக்குப் பக்கத்தில். பழிக்குப் பழி என்று எல்லாருக்கும் புரிந்தது. அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. துண்டை மடித்துப் போட்டு அமைதியாக உட்கார்ந்தார்.

புளிச்சோற்றுத் தவலையோடு பையன் முதல் இலையை நோக்கி நடந்தான். மகள் மணையிலிருந்து எழுந்தாள். நேராக வந்து அவன் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள், தவலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரச் சொன்னாள். அவள் மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். வளைகாப்பன்று புள்ளத்தாச்சி மனசு கோணக்கூடாது. அன்றைக்கு அவள் செய்வதை யாரும் தடுக்கமாட்டார்கள். அது தெரிந்துதான் எழுந்திருக்கிறாள். முதல் இலையைத் தாண்டினாள். மொத்த வரிசையையும் தாண்டினாள். வளையல் சத்தம் மட்டும் பந்தலில் கேட்டது. கடைசி இலைக்கு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, அப்பாவின் இலையில் சோற்றை வைத்தாள்.

"கடமடைக்கு வந்துச்சாப்பா?"

அவர் தலை நிமிரவில்லை. "வந்துடுச்சிம்மா" என்றார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கண்ணும் நிறைந்துவிட்டது, மறைப்பானேன்.

பந்தியில் யாரும் கை நனைக்கவில்லை. எல்லார் பார்வையும் முதல் இலைமேல் இருந்தது. பெரியப்பா தன் வெற்று இலையைப் பார்த்தார். மறுகோடியில் கரண்டியோடு நின்ற பெண்ணைப் பார்த்தார். இலையின் ஓரத்தில் கை வைத்தார். மடிக்கப்போகிறார் என்று நினைத்து அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். அவர் இலையை மடிக்கவில்லை. தண்ணீர் தெளித்து இன்னொரு முறை துடைத்தார்.

"மேமட காஞ்சி கெடக்குதும்மா. இங்கயும் கொஞ்சம் தொறந்து வுடு" என்றார்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பந்தல் முழுக்கச் சிரித்தது. மதகடி நிலத்துக்காரருக்கு வாய்க்கால் பாஷை மறந்துவிடுமா என்ன? மகள் வரிசையாக இலைக்கு இலை வைத்துக்கொண்டே மேலே போனாள். கடைசியாகப் பெரியப்பாவின் இலையில் நிறைய வைத்தாள். கிளம்பும்போது மாமியாரே பையைக் கொண்டுவந்து டெம்போவில் வைத்தார். "கூட்டிக்கினு போங்க சம்பந்தி, வண்டிய மெல்ல ஓட்டுங்க" என்றார் பெரியப்பா.

மெல்ல என்றால் அப்படி மெல்ல. சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் அவர் திரும்பி மகளைப் பார்த்தார். தெருப் பெண்கள் சிலர் சொந்தக்காரர் வீட்டுக்கென்று அங்கேயே தங்கிவிட்டதால் பின்னால் இரண்டு பேர் உட்காரலாம். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் கடைசி ஸ்டாப்பில் கூடையோடு இரண்டு பெண்கள் நின்று கை காட்டினார்கள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, நிறுத்தாமல் போனார். அந்த மனுஷன் காலி சீட்டோடு ஒரு கடைசி ஸ்டாப்பைத் தாண்டி நான் பார்த்தது அன்றுதான். மகள் வண்டியில் இருக்கும்போது இன்னொரு குலுங்கல் வேண்டாம் என்று நினைத்திருப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

மகளின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டிருந்த அக்கா, முன் சீட்டின் கம்பியில் வளையலால் தட்டினார்.

"இந்தா, கடமடைல ஆளு நிக்குது. கண்ணு தெரியலியா? வண்டிய பின்னால எடு."